முன்னாடி வெடிக்குதா, பின்னாடி வெடிக்குதா?

ரோட்டோரத்தில் காரை நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவைத்து, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு இன்ஜினை முறைத்துப் பார்க்கும் ஆண்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் பாதிப் பேருக்கு உள்ளே எது எதற்கு என்று தெரியாது. குடும்பம் காருக்குள் உட்கார்ந்திருக்கிறது, சும்மா நிற்க முடியாது, அதனால் முறைக்கிறார்கள். நான் அந்தப் பாதியைச் சேர்ந்தவன். என் முறைப்புக்கு இதுவரை எந்த இன்ஜினும் பயந்ததில்லை.

இன்ஜின் விவகாரத்தில் நான் மாட்டிக்கொண்டது 1990-களின் பிற்பாதியில். மாமனார் தன்னுடைய ஃபியட் காரை "நீங்களே வச்சுக்குங்க மாப்பிள்ளை" என்று என்னிடம் கொடுத்தார். பின்னால் பிரீமியர் பத்மினி என்று எழுதியிருக்கும். ஆனால் சேலத்தில் எல்லாருக்கும் அது ஃபியட்தான். பம்பாயில் 1964-லிருந்து தயாரான ஃபியட் 1100 டிலைட்தான் எழுபதுகளில் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1089 சிசி, நாலு சிலிண்டர், ஸ்டியரிங்கை ஒட்டியே கியர். வண்டிமேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். குற்றவாளியை நீங்கள் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, இடுப்பில் கையோடு நின்றுகொண்டிருந்தானே.

சமதரையில் வண்டி தங்கம். அஞ்சு ரோட்டிலிருந்து ஜங்ஷனுக்குப் போய்வந்தால் ஒரு முனகல் இருக்காது. ஏற்காடு மலையில்தான் வம்பு. அந்த ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் சில வளைவுகள் சமத்தாக ஏறும். இன்ஜின் நன்றாகச் சூடானபிறகு, ஒரு வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் விக்கல் எடுக்கும். நாங்கள் எல்லாரும் ஒருதரம் முன்னால் போய்ப் பின்னால் வருவோம். அப்புறம் ஒரு "படார்!" மாமியார் "முருகா!" என்பார். எந்த முருகனுக்கும் கார் ரிப்பேர் தெரியாது.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் இறங்கி ஓடின. பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பற்றிச் சொன்னதை இங்கே அச்சில் போட முடியாது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னதில் தகவல் பிழை எதுவும் இல்லை.

வண்டியில் கோளாறு என்று வாயைத் திறந்தால் போதும், யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. சின்ன மாமனார் "பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்கான் மாப்பிள்ளை" என்றார். ஆபீஸ் நண்பர் "பிளக்கை மாத்துங்க" என்றார். மாடி வீட்டுக்காரர் "கார்ப்ரேட்டர்ல தூசு" என்றார். கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது: ஒவ்வொருவரும் சொன்னது அவரவர் வண்டிக்கு வந்த வியாதி. சின்ன மாமனாரிடம் வண்டியே இல்லை, அவர் ஸ்டவ்வைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

நான் எல்லா யோசனையையும் கேட்டேன். கேட்டது மட்டுமா, கடைக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கியும் விட்டேன். பிளக் செட், காயில், ஏர் ஃபில்டர், பெட்ரோல் பம்ப்புக்கு டயாஃப்ரம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட ஆரம்பித்தார். தலைவலிக்காரனுக்குச் செருப்பு மாற்றிய கதைதான். மறுபடியும் மலை ஏறினோம். வண்டி புதுக் காயிலோடு வெடித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஈரத்துண்டு என்று ஒரு வைத்தியம் கிடைத்தது. பழைய கார் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: மலையேற்றத்தில் இன்ஜின் சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப்பால் ஆவியைத் தள்ள முடியாது. வண்டி நின்றுவிடும். பம்ப்மேல் ஈரத்துணியைச் சுற்றி, தண்ணீர் ஊற்றி, கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடியும் ஓடும். நிஜமான வியாதி, நிஜமான வைத்தியம். எனக்கிருந்தது வேறு வியாதி என்பதுதான் இதில் சின்னக் குறை.

ஆனால் துண்டைச் சுற்றி, ஓரமாக நிறுத்தி, வேர்க்கடலை தின்றுவிட்டுக் கிளப்பினால் வண்டி அழகாக ஏறியது! இன்னும் நாலு வளைவு வரைக்கும். "பாத்தியா?" என்று மனைவியைப் பார்த்தேன். வண்டியைச் சரிசெய்தது துண்டு அல்ல, வேர்க்கடலை தின்ற நேரம். இன்ஜின் ஆறியது, அவ்வளவுதான். பேர் வாங்கியது துண்டு. அது மாமியார் பழனிக்குக் கட்டிக்கொண்டு போவதற்காக எடுத்து வைத்திருந்த துண்டு என்பது வீட்டுக்கு வந்தபிறகு தெரிந்தது.

ஒருநாள் பிளக் ஒயர்களை நானே மாற்றுவதென்று உட்கார்ந்தேன். மெக்கானிக்குகள் டெல்கோ என்று சொல்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து நாலு பிளக்குக்கும் நாலு ஒயர் போகும். ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதை மாட்டிவிட்டு, அப்புறம்தான் அடுத்ததில் கைவைக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தோன்றும் விஷயம். நான் எம்.காம். நாலையும் ஒரே சமயத்தில் உருவிப் போட்டேன்.

புதிய ஒயர்களை 1-2-3-4 என்று வரிசையாக மாட்டினேன். நமக்கு எண்ணத் தெரியுமே! அந்த இன்ஜினுக்கு எண்ணத் தெரியாது போலிருக்கிறது. அதன் கணக்கு 1-3-4-2. முதல் சிலிண்டருக்கு அடுத்து மூன்றாவதில்தான் பொறி வரவேண்டும். நான் மாட்டிய வரிசையில், உறிஞ்சும் வால்வு திறக்கிற நேரத்தில் ஒரு சிலிண்டரில் பொறி விழுந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, மச்சான் செல்ஃப் அடிக்க, நான் கார்ப்ரேட்டர் வாயை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகவேண்டியது தீயாக வெளியே வந்தது. மீசையின் வலது பக்கம் போனது.

மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், "இந்தப் பக்கத்தையும் காட்டியிருந்தா சமமா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு ரசத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

டெல்கோ மூடியைக் கழற்றிய கையோடு உள்ளே இருந்த பாயின்ட்டையும் பார்த்தேன். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். கருகி, சொரசொரவென்று இருந்தன. உப்புத்தாள் வாங்கிவந்து தேய்த்தேன். பளபளவென்று ஆனது. வண்டியும் சில நாள் நன்றாக ஓடியது. அப்புறம் மறுபடியும் கருகியது. மறுபடியும் தேய்த்தேன். பாயின்ட் ஏன் திரும்பத் திரும்பக் கருகுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. உப்புத்தாள் தீர்ந்துபோனதைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

தேய்த்துத் தேய்த்துப் பாயின்ட்டே தேய்ந்துபோனபோது புது செட் வாங்கினேன். அட்டைப்பெட்டியைத் திறந்தால் பாயின்ட்டோடு விரல்நுனி அளவுக்கு ஒரு தகரக் குப்பி, அதிலிருந்து ஒரு குட்டி ஒயர். டெல்கோமேலும் அதே மாதிரி ஒன்று பழையதாக இருந்தது. இருப்பது இருக்கட்டும், இது ஸ்பேர் என்று டேஷ்போர்டில் போட்டு வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

கடைசியில் கோரிமேட்டுப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். முதலிலேயே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மனைவியும் கேட்டாள்.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முன்னாடி வெடிக்குதுங்களா சார், பின்னாடி வெடிக்குதுங்களா?"

இத்தனை மாதம் வெடிச்சத்தம் கேட்டிருக்கிறேன், குரங்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன், முருகனைக் கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். சத்தம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கவனிக்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "நடுவுல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. பொறுமையாகச் சொன்னார்: "கார்ப்ரேட்டர் பக்கம் வெடிச்சா பெரும்பாலும் பெட்ரோல் பத்தலை, இல்லாட்டி வால்வு, டைமிங் இப்படி ஏதாவது. சைலன்சர்ல வெடிச்சா கரண்ட் பத்தலைன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சருக்குப் போயி, அங்க சூட்டுல புடிச்சிக்கும்." அப்புறம் இன்னொன்று கேட்டார். "இழுவை மெதுவா கொறைஞ்சு சாகுதுங்களா, வெட்டி வெட்டிப் போகுதுங்களா?" பெட்ரோல் குறைந்தால் வண்டி தளர்ந்து தளர்ந்து நிற்குமாம். கரண்ட் குறைந்தால் வெட்டுமாம். இதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. மாமியாரின் கழுத்துச் சுளுக்கே சாட்சி.

"மலைக்குப் போய்ப் பாத்துடலாங்களா அண்ணா?" என்றேன், பெரிய மனதோடு. "மலைக்கு எதுக்குங்க? உக்காருங்க, மலையை இங்கயே கொண்டாந்துரலாம்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டினார். அப்புறம் வேகத்தைக் குறைத்து, டாப் கியரில் போட்டு, இருபதில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தார். வண்டி திணறியது, விக்கியது. பின்னால் "படார்!" என்றது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கிவிட்டார். நான் பல லிட்டர் பெட்ரோல் செலவழித்து ஏற்காட்டில் கண்டுபிடித்ததை அவர் கோரிமேட்டில் தெருமுனைக்குள் கண்டுபிடித்தார்.

மிதித்தால் உள்ளே என்ன ஆகிறது என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது மிதிக்க மட்டும்தான் தெரியும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார்ப்ரேட்டர் வாய் அகலமாகத் திறக்கிறது. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நிறையப் போகிறது. பிஸ்டன் அதை நெருக்கும்போது அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற, பிளக் முனையின் இடைவெளியைப் பொறி தாண்டுவது கஷ்டம். அதிக வோல்டேஜ் வேண்டும். சமதரையில் மெதுவாகப் போகும்போது நோஞ்சான் பொறியே போதும். மலையில்தான் அதன் சாயம் வெளுக்கும். ஆபீஸிலும் அப்படித்தான், மார்ச் மாதம் வரைக்கும் நானும் நல்ல கணக்காளன்தான்.

பொழுது சாய்ந்து இருட்டிய நேரத்தில் ஷெட் விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். பானெட்டுக்குள் குனிந்து ஒயர்களைப் பார்த்தார். ஒயரில் எங்காவது கீறல் இருந்தால், இருட்டில் நீல நிறத்தில் பொறி கசிவது கண்ணுக்கே தெரியுமாம். ஒன்றும் தெரியவில்லை. "ஒயர் நல்லாருக்குங்க" என்றார். என் மீசையைக் கொடுத்து மாட்டிய ஒயர் ஆயிற்றே.

அப்புறம் இன்ஜினை நிறுத்தி டெல்கோ மூடியைக் கழற்றினார். பாயின்ட் மூடியிருக்கும்படி இன்ஜினைக் கையால் திருப்பி வைத்து, சாவியை மட்டும் ஆன் செய்யச் சொன்னார். ஸ்க்ரூடிரைவர் முனையால் பாயின்ட்டை லேசாகத் தள்ளித் திறந்தார். பட்டென்று தடியாக ஒரு பொறி அங்கேயே அடித்தது. "ஆகா, கரண்ட் நல்லா வருது!" என்றேன். "வரக்கூடாத இடத்துல வருதுங்க" என்றார்.

பாயின்ட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்தார். நான் இதுவரை தேய்க்கத்தான் செய்திருக்கிறேன், பார்த்ததில்லை. ஒரு பொட்டில் ஊசி குத்தியது போல ஒரு குழி. எதிர்ப் பொட்டில் அந்தக் குழிக்குச் சரியாகப் பொருந்தும்படி ஒரு மேடு. இங்கிருந்த உலோகம் உருகி அங்கே போய் ஒட்டியிருக்கிறது. ஓரமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. "இது கண்டென்சர் செத்துப்போன அடையாளங்க. நீங்க உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சீங்களா?" என்றார். கை தானாகப் பின்னால் போனது.

விஷயம் இதுதான். பாயின்ட் விலகும் நொடியில் காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்க வேண்டும். எவ்வளவு சட்டென்று நிற்கிறதோ அவ்வளவு வோல்டேஜ் பிளக்குக்குக் கிடைக்கும். பன்னிரண்டு வோல்ட் பாட்டரியிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் வருவது அப்படித்தான். ஆனால் ஓடுகிற கரண்ட் லேசில் நிற்காது. விலகும் பாயின்ட்டையும் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதைத் தன்னிடம் வாங்கிக்கொள்ளும் வேலை கண்டென்சருக்கு. அது படுத்துவிட்டால் பொறி பாயின்ட்டிலேயே அடித்துத் தீர்ந்துவிடும், பிளக்குக்கு மிச்சம்தான் போகும். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று ஓடும் நாலு சிலிண்டர் இன்ஜினில் பாயின்ட் நொடிக்கு நூறு தடவை திறக்கும். நூறு தடவையும் கருகும். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேய்ப்பேன்.

சூடானால் மட்டும் படுத்துக்கொண்டு, ஆறினால் எழுந்து உட்காரும் கண்டென்சர்களும் உண்டாம். என்னுடையது அந்த ரகம். இப்போது புரிகிறதா, வேர்க்கடலையின் மகிமை?

"விலை எவ்வளவு அண்ணா ஆகும்?" என்றேன். காயிலுக்கும் மற்றதுக்கும் அழுததை நினைத்து வயிறு கலங்கியது. "சினிமா டிக்கெட் காசுகூட ஆகாதுங்க. ஆனா இந்நேரம் கடை சாத்தியிருப்பாங்க. காலைல வாங்க" என்றார். வண்டி பேப்பர் இருக்கிறதா என்று பார்க்க டேஷ்போர்டைத் திறந்தேன். பேப்பருக்கு அடியிலிருந்து அந்தத் தகரக் குப்பி உருண்டு வந்து அவர் காலடியில் விழுந்தது.

குனிந்து எடுத்தார். குப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதை எத்தனை நாளா வச்சிருக்கீங்க?" இன்ஜினிலிருந்து இரண்டடி தூரத்தில், ஏற்காட்டுக்கும் வந்து, எல்லா வளைவிலும் எங்களோடு குலுங்கி, எல்லா வெடிச்சத்தத்தையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது அது. "ஸ்பேர்" என்றேன். இப்போதுதான் அவர் சிரித்தார். டீ வாங்கப் போயிருந்த பையனையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

ஒரு ஸ்க்ரூ, ஒரு ஒயர். மாட்டி முடித்தார். பாயின்ட் இடைவெளியைச் சரிபார்த்தார், பிளக் இடைவெளிக்கு உடைந்த ஆக்ஸா பிளேடுத் துண்டை நுழைத்துப் பார்த்தார். மறுபடியும் டாப் கியர், இருபது, முழு மிதி. முனகியது, ஆனால் இழுத்தது. வெடிக்கவில்லை. கூலியாக அவர் கேட்ட தொகையைக் கேட்டு எனக்கே கூச்சமாகிவிட்டது. கூடக் கொடுக்கப் போனேன். "இதை அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்குக் குடுங்க, இனிமே அவருக்கு யாவாரம் டல்லாயிரும்" என்றார்.

அடுத்த தடவை ஏற்காடு ஏறும்போது வண்டி சத்தமே இல்லாமல் போனது. குரங்குகள் மதிக்கவே இல்லை. மாமியார்தான் பத்தாவது வளைவில் சந்தேகமாகக் கேட்டார், "ஏன் மாப்பிள்ளை, சத்தத்தையே காணோம்? ஏதாவது ரிப்பேருங்களா?"

ஃபியட் போய்விட்டது. கார்ப்ரேட்டரும் பாயின்ட்டும் கண்டென்சரும் புதுக் கார்களிலிருந்து எப்போதோ காணாமல் போயின. எனக்கு மட்டும் அந்த அறிவு அப்படியே தங்கிவிட்டது. யாராவது பானெட்டைத் திறந்தால் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

போன மாதம் எதிர்வீட்டுப் பையனின் கார், மேம்பாலம் ஏறும்போது உதறியது. இன்ஜின் விளக்கு மினுக் மினுக் என்று எரிந்ததாம். நான் போய் இடுப்பில் கைவைத்து நின்று, "கண்டென்சரைப் பாத்தியாப்பா?" என்றேன். "அது ஏசிக்குத்தானே அங்கிள்?" என்றான். ஸ்டியரிங்குக்கு அடியில் சின்னதாக எதையோ சொருகி செல்போனைப் பார்த்தான். பி0302 என்று வந்தது. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தமாம். வண்டியே தன் வாயால் சொல்கிறது!

நான் என்றால் உடனே கடைக்கு ஓடியிருப்பேன். அவன் ஒன்றும் வாங்கவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் ஒரு காயில். இரண்டாவது சிலிண்டரின் காயிலை எடுத்து மூன்றாவதில் போட்டான், மூன்றாவதை இரண்டாவதில். பி0302-ஐ அழித்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டி வந்தான். செல்போனில் இப்போது பி0303. காயில் போன இடத்துக்கே வியாதியும் போய்விட்டது. குற்றவாளி அந்தக் காயில்தான். எனக்கு இதைப் பார்த்ததும் ஏனோ மீசை அரித்தது.

புதுக் காயிலை மாட்டும் நேரத்தில் இருட்டிவிட்டது. "அங்கிள், உங்களால ஒரு உதவி" என்றான். அனுபவத்துக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது என்று முன்னால் போனேன். டார்ச்சைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். "இன்ஜின்ல அடிங்க அங்கிள், என் கண்ணுல அடிக்கிறீங்க" என்றான்.